'சின்ன எழுத்து' என்று சொன்னவர் யார்?
தொழில்நுட்ப உதவிக்காக வரும் தொலைபேசி அழைப்புகளில் நடக்கும் வேடிக்கைகளுக்கு வாடிக்கையாளரின் தொழில்நுட்ப அறியாமையே காரணம் என்று இங்கு வந்த கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. சிறிய இணையச் சேவை நிறுவனமொன்றின் உதவிப் பிரிவில் நான் பணியாற்றியபோது, கடவுச்சொல்லைச் 'சின்ன எழுத்தில்' அடிக்கும்படி ஒருவரிடம் சொன்னேன். அவர் எழுத்தின் அளவைக் குறைக்கும் வழியை வெகுநேரம் தேடிவிட்டு, கட்டத்துக்குள் வெறும் புள்ளிகள்தாம் விழுகின்றன, அவை ஏற்கெனவே சின்னவைதாம் என்று பொறுமையாகப் பதிலளித்தார். நான் சொல்ல நினைத்தது ABC என்றில்லாமல் abc என்று அடிப்பதை; ஆனால் ஆங்கிலத்தில் உள்ளதுபோல் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது என்பதால், பிழை அவருடையது அன்று, என்னுடையது. என் சக ஊழியர், வீட்டுக்கு இணைய இணைப்பைத் தரும் கருவியான மோடத்தைக் குறிப்பிடாமல் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்று கேட்டு, கூடத்திலும் சமையலறையிலும் என்ற பதிலைப் பெற்றதும் அப்படித்தான். மோடத்தை அணைத்து மீண்டும் போடச் சொல்வது வெறும் தட்டிக்கழிப்பு என்று அக்கட்டுரைக்கான மறுமொழியில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்; உண்மையில், நினைவகத்தில் சிக்கிய பிழைகள் நீங்கி இணைப்பு புதிதாகத் தொடங்குவதற்காகவும், 30 விநாடி காத்திருக்கச் சொல்வது மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் பாகங்களான மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரம் வடிவதற்காகவும்தான். ஆனால் எதை அணைப்பது என்று நாங்கள் தெளிவாகச் சொல்லாத நாட்களில், கணினித் திரையை மட்டும் அணைத்துப் போட்டுவிட்டு, இணைப்பு இன்னும் வரவில்லையே என்று கேட்டவர்களே அதிகம்.