குடத்தோடு உட்கார்ந்த பிள்ளைகளும் அந்த வாய்ஸ் நோட்டும்

விடுதித் தண்ணி உப்பு, நல்ல தண்ணி வேண்டும் என்று கல்லூரி வாசலில் காலிக் குடத்தோடு பிள்ளைகள் உட்கார்ந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும், விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நம்ம ஊர்ப் பிரமுகர் ஒருவர் வாய்ஸ் நோட் போட்டார் இல்லையா, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "படிக்க வந்தா படிக்கணும். உரிமைனு கத்துறதுக்கு முன்னாடி பொறுப்பு வேணும்." எங்கள் குடும்ப குரூப்பில் அதற்கு வரிசையாகக் கும்பிடு.

சரி, பொறுப்பையே பேசுவோம். நம்ம ராமநாதபுரம் கரையில் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் 2009-இல் வந்தும் இன்னும் குடம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். விடுதிக் கட்டணம் வாங்கியவர்களுக்கு இது தெரியாதா? பிள்ளைகள் முதலில் வார்டனிடம் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார்கள். முதல்வர் அறை வாசலில் நின்றார்கள். குடம் அதற்கப்புறம்தான். கண்ணாடி உடைக்கவில்லை, பஸ் மறிக்கவில்லை. இதைவிடப் பொறுப்பாகத் தாகம் எடுப்பது எப்படி என்று அண்ணன் அடுத்த வாய்ஸ் நோட்டில் சொல்லித்தரட்டும்.

கிடைத்த பதில், ஹால் டிக்கெட் நிறுத்தம். பெற்றோர் வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் தருவார்களாம். என் கோபமெல்லாம் இங்கேதான். தப்பே செய்திருந்தாலும் கூப்பிட்டு விசாரியுங்கள். ஹால் டிக்கெட்டில் கை வைக்காதீர்கள். தண்ணி கேட்டதற்கும் பரீட்சை எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்?

பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் மாணவர் குறைதீர்ப்பு விதிகள் கொண்டுவந்தது. கல்லூரியில் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதியும் உட்கார வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையா, பல்கலைக்கழகம் நியமிக்கும் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். நமக்கு அது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். தர வேண்டிய வசதியைத் தராததும், வாங்கி வைத்த சான்றிதழைத் திருப்பித் தராததும் அந்த விதிப்படியே குறைதான். அந்தக் கல்லூரிக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரித்த ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. எதற்கு எவ்வளவு ஃபைன் என்கிற போர்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பீர்கள். அப்பா அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போனவர். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். இப்போது 61 நாள், எங்கள் காலத்தில் 45. பரீட்சைக் கட்டணம் கேட்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். பாக்கி இருக்கிறது என்று நான் படித்த கல்லூரியில் என் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கேட்கப் போனார். மகன் வயசுள்ள கிளார்க், "காசு இல்லாதவன் எதுக்குய்யா படிக்க வைக்கிற?" என்றான். அப்பா "சரிங்க சார்" என்றார். காற்றடித்த நாளில் கடலில் பயப்படாத மனுஷன். அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018-இல் மானியக் குழு சொன்னது. எனக்கு உதவாத காலத்தில்.

உடனே சிலர் வருவார்கள். "ராகிங் பண்றாங்களே, அதுக்கு என்ன சொல்றே?" ராகிங் பண்ணுகிறவன் பக்கம் நான் இல்லை. 1996-இல் நாவரசு கொலை, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம். அது நம் பிள்ளைகளில் சிலர் செய்த கொடுமைக்கு வந்த சட்டம், மறுக்கவில்லை. ஆனால் குடத்தோடு உட்கார்ந்தவளையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்ன நியாயம்?

"75 சதவீத வருகை இருக்கா?" இருக்க வேண்டும்தான். ராத்திரி அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு முதல் பீரியடுக்குத் தாமதமாக வருகிறவனும், தியேட்டருக்குப் போனவனும் உங்கள் ரிஜிஸ்டரில் ஒரே ஆப்சென்ட். "கல்லூரி நடத்துறது கஷ்டம்." இருக்கட்டும். "பின்னாடி யாரோ தூண்டிவிடுறாங்க." 18 வயசில் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம், விடுதித் தண்ணி உப்பு என்று சொல்ல மட்டும் யாராவது தூண்டிவிட வேண்டுமா? 1965 இந்தி எதிர்ப்பு மாணவர்களைப் பற்றி மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவரும் இதே அண்ணன்தான்.

வாய்ஸ் நோட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு சிரித்து, "கடக்கரைப் பிள்ளைகள்ல, அப்படித்தான் இருக்கும்" என்றாரே, அதைக் கேட்டீர்களா? தண்ணி, விதி எல்லாம் எனக்கு அங்கேயே மறந்துபோனது. முரடு, படிப்பு ஏறாது, கத்தத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், கல்லூரியில் கேட்டேன், இப்போது போனிலும். கும்பிடு போட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் இருக்கிறார், அவரும் போட்டில் போனவர்தான்.

திங்கள்கிழமை பரீட்சை. ஹால் டிக்கெட்டைக் கொடுத்துவிடுங்கள், மன்னிப்புக் கடிதம் இல்லாமல். அந்தக் குறைதீர்ப்புக் குழுவின் தலைவர் யார் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள், புகாரை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். "பிடிக்கலைனா வேற காலேஜுக்குப் போக வேண்டியதுதானே" என்று வருகிறவர்களை பிளாக் பண்ணிவிடுவேன். பதில் சொல்ல இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.