"டி ஆன்சாதான்" என்று சொல்ல ஏன் குரல் தாழ வேண்டும்?

போன வருடம் ஏப்ரல் மாதம் மேல்வீட்டு அக்கா போன் பண்ணினார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். ஆசைப்பட்ட மூன்று பல்கலைக்கழகங்களிலும் இடம் இல்லை. கிடைத்த ஒரே இடம் வெளிமாநிலத்தில். அந்தக் கட்டணத்துக்கு இருக்கிற சேமிப்பை எல்லாம் துடைத்துக் கொடுக்க வேண்டும். "டி ஆன்சாலதான் சேரப் போறான். நீ யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன? ஊருக்குத் தெரிஞ்சா அத்தை கேட்டே கொன்னுடுவாங்க" என்றார். பக்கத்தில் பையன் இருந்திருப்பான் போல, கடைசி வரியைக் கிசுகிசுத்தார்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டேன். ஆனால் மனது ஆறவில்லை. டி ஆன்சா என்பது கலிபோர்னியாவின் கூப்பர்டினோ ஊரில் இருக்கிற கம்யூனிட்டி காலேஜ், அதாவது மார்க் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற இரண்டு வருடப் பொதுக் கல்லூரி. நானும் அங்கே படித்தவள்தான். அன்றைக்கு அக்காவிடம் சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நம் ஆட்கள் வீடுகளில் இந்த வருடமும் இதே கிசுகிசுப்பு நடக்கும்.

நான் 2010இல் கல்யாணமாகி கலிபோர்னியாவின் சன்னிவேலுக்கு வந்தேன். விருதுநகரில் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். இங்கே வந்ததும் எச்-4 விசா, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருகிறது. வேலைக்குப் போக அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது, பகல் முழுக்க வீடு. அந்த விசாவிலும் படிக்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். ஒரு வருடம் இந்த மாநிலத்திலேயே குடியிருந்தால் உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணமே போதும் என்றும் சொன்னாள். ஒரு வருடம் காத்திருந்து, 2011 செப்டம்பரில் 55ஆம் எண் பஸ் ஏறி டி ஆன்சாவுக்குப் போனேன். மதிப்பெண் பட்டியல், டிகிரி, டிரான்ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா அதைத் திறக்கவே சொல்லவில்லை. பதினெட்டு வயது ஆகியிருக்கிறதா, எந்த வகுப்பு வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கல்லூரி என் மார்க்கைக் கேட்காமல் உள்ளே விட்டது.

எனக்குக் கிடைத்தது மாலை வகுப்பு, அக்கவுன்ட்டிங் முதல் பாடம். அதுவும் வகுப்பு நிரம்பிவிட்டதால் காத்திருப்போர் பட்டியலில்தான் என் பேர். முதல் நாள் சுவரோரமாக நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஆசிரியர் பெயர் கூப்பிட்டு, வராதவர்களின் இடங்களை எண்ணி, ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் வகுப்பில் சேர்வதற்கான எண்ணை, 'ஆட் கோட்' என்பார்கள், எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் இருப்புநிலைக் குறிப்பு போடச் சொன்னார். நாம் ஊரில் பழகியது இடது பக்கம் பொறுப்புகள், வலது பக்கம் சொத்துகள். கை தானாக அப்படியே எழுதியது. இங்கே அது தலைகீழ். ஆசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இது பிரிட்டிஷ் முறை" என்று போர்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வகுப்புக்கே விளக்கினார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மெக்சிகோக்காரர். வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்து, சொந்தமாக டிரக் வாங்கி, நான்கு பேரை வேலைக்கு வைத்திருந்தார். ரசீதுகளை எல்லாம் நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வகுப்புக்கே கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் பெட்ரோலும் புல்லும் கலந்த ஒரு வாசம். புல்வெட்டும் எந்திரத்துக்குத் தேய்மானம் எழுதலாமா என்று ஒருநாள் கையைத் தூக்கிக் கேட்டார். ஆசிரியர் அன்றைக்குப் புத்தகத்தில் இருந்த கணக்கை விட்டுவிட்டு அந்த எந்திரத்தையே கணக்காக்கிவிட்டார். எத்தனை டாலருக்கு வாங்கினீர்கள், எத்தனை வருடம் உழைக்கும், கடைசியில் என்ன விலைக்குப் போகும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் அவருடைய புல்வெட்டிக்குத் தேய்மானம் போட்டார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு மறக்காது.

இந்தக் கதவு தானாகத் திறந்து கிடக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பள்ளிக்கூடங்களே மேல்படிப்புக்கு வகுப்பு நடத்தலாம் என்று கலிபோர்னியா 1907இல் சட்டம் போட்டது. 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி வந்தது. சுற்றிலும் விவசாயம் நடக்கும் ஊர் அது. தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப எல்லோராலும் முடியாது. அப்புறம் 1960இல் ஆளுநர் பாட் பிரவுன் காலத்தில், கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய உயர்கல்வித் திட்டம் வந்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யுசி எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகம், படிக்க வேண்டும் என்று வந்து நிற்கிற எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால் மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகத்துக்குள் போகலாம். நம் அக்கா நினைப்பது போல இது தோற்றவர்களை ஒதுக்கிவைக்கிற இடமாக உருவானதில்லை. ஆரம்பத்திலேயே பல்கலைக்கழகத்துக்குப் போட்டு வைத்த இன்னொரு வாசல் இது.

டி ஆன்சா 1967இல் திறந்தது. அதே நிர்வாகத்தின் ஃபுட்ஹில் கல்லூரி 1958லேயே தொடங்கிவிட்டது, இது தங்கை. அப்போது கூப்பர்டினோ என்றால் பழத்தோட்டங்கள். பிளம், ஆப்ரிகாட், செர்ரி. கல்லூரி நிற்கிற 112 ஏக்கர், ஒரு காலத்தில் பால்ட்வின் என்ற செல்வந்தரின் திராட்சைத் தோட்டமும் மாளிகையும் இருந்த நிலம். அந்த மாளிகையை இடிக்காமல் நகர்த்தி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். தூண்கள் வைத்த வெள்ளைக் கட்டடம், 'பெட்டி ட்ரியனான்' என்று பெயர். இப்போது அது கலிபோர்னியா வரலாற்று மையம். பணக்காரர் விருந்து வைத்த கூடத்தில் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது எனக்குத் தனி சந்தோஷம்.

கல்லூரியின் பெயர் ஸ்பானியத் தளபதி ஹுவான் பாட்டிஸ்டா டி ஆன்சாவுடையது. 1776இல் அவருடைய பயணக் குழு இந்தப் பக்கம் முகாம் போட்டபோது, கூட வந்த பாதிரியார் ஓர் ஓடைக்கு வைத்த பெயரிலிருந்துதான் ஊருக்கே கூப்பர்டினோ என்ற பெயர். அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாழ்ந்த ஓலோனி மக்களின் பெயர் வாசல் பலகையில் இல்லை. அதைப் படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

வளாகத்தில் இருந்த ஃபிளின்ட் அரங்கு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1971இல் கட்டியது, சுமார் 2,400 பேர் உட்காரலாம். 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலிருந்து மேக்கின்டோஷை எடுத்து உலகத்துக்குக் காட்டியது அந்த மேடையில்தான். 2014இல் ஆப்பிள் வாட்ச் அறிமுகமானதும் அங்கேதான். 2019இல் அரங்கை மூடிவிட்டார்கள். எனக்கு அந்த மேடையைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஆப்பிளின் இன்னொரு ஸ்டீவ், வாஸ்னியாக், கொலராடோவில் ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்தது இந்த டி ஆன்சாவில். வெளிமாநிலக் கட்டணம் அவர் வீட்டுக்கும் கட்டுப்படியாகவில்லை. இங்கிருந்துதான் பெர்க்லிக்குப் போனார். அவர் அம்மா அப்பா யாரிடமும் சொல்லாதே என்று கிசுகிசுத்தார்களா தெரியாது!

இனி காசு கணக்கு. கணக்கு எழுதுகிறவள், இதைச் சொல்லாமல் எப்படி? இப்போது டி ஆன்சாவில் கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். யூனிட் என்பது பாடத்தின் அளவுக் கணக்கு. இரண்டு வருடப் படிப்புக்கு 90 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 2,790 டாலர். புத்தகம், மற்ற கட்டணங்கள் தனி. யுசியில் உள்ளூர் மாணவருக்கே ஒரு வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல், விடுதிச் செலவு சேர்க்காமல். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்று ஆறு யுசி வளாகங்கள், கேட்ட பாடங்களை எடுத்துக் கேட்ட சராசரி வாங்கினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. எல்லாத் துறைக்கும் அது கிடையாது, கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரி இடங்களில் விதிவிலக்குகள் உண்டு. கவுன்சிலரைப் பார்த்துக் கேட்க வேண்டும். கடைசியில் கையில் வாங்குகிற பட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

1984 வரை இந்தக் கட்டணமும் இல்லை. இலவசம்! 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டு மக்கள் வாக்களித்தார்கள், கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த வருமானம் சுருங்கியது. 1984இல் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்த கட்டணம் படிப்படியாக ஏறி இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரர்களின் வரி குறைந்ததற்கான பில்லை மாணவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் வீடு வாங்கிவிட்ட நாமும் அந்த வரிச் சலுகையை அனுபவிக்கிறோம்.

எல்லாம் பாலும் தேனும் என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகிப் போக வேண்டும் என்று வருகிற எல்லோரும் போய்விடுவதில்லை. வேலை, குழந்தை, வாடகை என்று நடுவில் நின்றுபோகிறவர்கள் நிறைய. இந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பாதிக்கும் மேல் பகுதிநேரம். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, மாலையில் மூன்றாவது என்று நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர்கள். அவர்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பெயர். நான் படித்தபோது டி ஆன்சாவில் விடுதி கிடையாது, சுற்றிலும் வாடகை நெருப்பு. வீடில்லாத மாணவர்கள் கம்யூனிட்டி காலேஜ் பார்க்கிங்கில் இரவு காரில் தூங்கிக்கொள்ள அனுமதிக்கலாம் என்று 2019இல் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவே வந்தது. அது சட்டமாகவில்லை. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றான ஆப்பிள் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற ஊரில், காரில் தூங்க அனுமதி கேட்கிற நிலையில் மாணவர்கள். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

இருந்தாலும் நான் அங்கே கழித்த நான்கு வருடமும் என் மனதுக்கு நெருக்கமானவை. பள்ளத்தில் இறங்கிப் போகிற அந்தத் தோட்டம், நடுவில் தண்ணீர். தேர்வுக்கு முன் அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவேன். புத்தகம் வாங்கக் காசில்லாத நாட்களில் நூலகத்தில் இரண்டு மணிநேரக் கெடுவில் எடுத்துப் படித்துக் குறிப்பு எழுதுவேன். இங்கே செமஸ்டர் கிடையாது, குவாட்டர். பன்னிரண்டே வாரம். இரண்டாவது வாரம் தும்மினால் மூன்றாவது வாரம் தேர்வு வந்து நிற்கும். அப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்க்கிங் முழுக்கப் பழம்பொருள் சந்தை நடக்கும். மாணவர் அமைப்புதான் நடத்தியது, வந்த பணம் மாணவர் நிகழ்ச்சிகளுக்குப் போனது. என் வீட்டு இரும்புத் தோசைக்கல் அந்தச் சந்தையில் 6 டாலருக்கு வாங்கியது. இன்றைக்குக் காலையில்கூட அதில்தான் தோசை.

2015 மே மாதம் எச்-4 காரர்கள் சிலருக்கு வேலை அனுமதி கொடுக்க ஆரம்பித்தார்கள். அனுமதி கையில் வந்தபோது என்னிடம் அக்கவுன்ட்டிங் சான்றிதழும் இரண்டு வரிக்கணக்கு வகுப்புகளும் தயாராக இருந்தன. முதலில் போன ஓர் அலுவலகத்தில் விருதுநகர் டிகிரியை மேசையில் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இங்கே என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். டி ஆன்சா என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னேன். வேலை கிடைத்தது.

அக்கா, நம் அப்பாக்கள் காலத்தில் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து ஊர் அரசுக் கலைக்கல்லூரிக்குத்தான். சைக்கிளில் போய், மதியம் புளியமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுப் படித்தவர்கள். எங்கள் அப்பா அப்படிப் படித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம், இங்கே வந்ததும் ரேங்க் பட்டியலில் மேலே இல்லாத கல்லூரியைப் பார்த்துக் கூச்சப்படுகிறோம். பிள்ளை காதில் அது விழுகிறது. பதினேழு வயதில் தன் அம்மா தன்னை மறைக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டால், கால்குலஸ் கஷ்டமாகும்போது யாரிடம் போய்ச் சொல்வான்?

அந்தப் பையன் செப்டம்பரில் சேர்ந்துவிட்டான். கணக்குக்கு உதவி மையத்தில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள், வாரத்தில் மூன்று நாள் அங்கேயே இருக்கிறானாம். போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது "ஆன்ட்டி, அந்தப் பள்ளத்துத் தோட்டத்துல ஆமை இருக்கு, பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான். நான்கு வருடம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. வரும் சனிக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றிருக்கிறான். அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.