சுத்துறது எது, மாப்பிள்ளை?

(ஸ்பீக்கரில் போட்ட போன். ஒரு பக்கம் வண்டிக்குக் கீழேயே தலை நரைத்த மாமா. மறுபக்கம், காரில் பிரேக் பேடு மாற்றுவதற்காகக் கழற்றிய முன் சக்கரத்தின் முன்னால் மாப்பிள்ளை. துருகூடப் பெரிய சிக்கல் இல்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை குறையாமல் பேச வேண்டியிருக்கிறது, அதுதான் சிக்கல்.)

மாப்பிள்ளை: மாமா, போல்ட் சுத்துது. ஆனா வெளிய வரமாட்டேங்குது.

மாமா: சுத்துறது எது? போல்ட்டா, போல்ட் மேல சாக்கெட்டா?

மாப்பிள்ளை: ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்துது.

மாமா: அப்போ தலை தப்பிச்சுது. எந்த போல்ட்?

மாப்பிள்ளை: பின்னாடி இருக்கே, அது.

மாமா: பின்னாடி நாலு இருக்கு. தலை 14-ஆ, 17-ஆ?

மாப்பிள்ளை: 14.

மாமா: அது காலிப்பரை, அதான் பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகத்தை, பிடிக்கிற போல்ட். அதோட சேர்ந்து உள்ள இருக்கிற 'பின்' கம்பியும் சுத்துது. அந்தப் பின்னோட கழுத்துல ரெண்டு பக்கம் தட்டையா இருக்கும். அங்க ஒல்லியான ஓப்பன் ஸ்பேனரைக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு, போல்ட்டை மட்டும் திருப்புங்க.

மாப்பிள்ளை: ஆ... வந்துடுச்சு! கீழ உள்ளதும் வந்துடுச்சு. காலிப்பர் தனியா தொங்குது மாமா.

மாமா: எதுல தொங்குது?

மாப்பிள்ளை: ஒரு கறுப்பு ட்யூப்ல.

மாமா: அது பிரேக் ஆயில் போற ஹோஸ். ஒரு கம்பியை எடுத்து ஸ்ப்ரிங்கோட கட்டுங்க. ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியாது. மிதிக்கிறப்பதான் தெரியும்.

மாப்பிள்ளை: கட்டிட்டேன். டிஸ்க்கையும் மாத்தணும், அதுக்கு காலிப்பரைத் தாங்குற பிராக்கெட் வரணுமே. இந்த 17 ரெண்டும் அசையவே இல்ல.

மாமா: எண்ணெய் விட்டீங்களா?

மாப்பிள்ளை: துரு எடுக்கிற ஸ்ப்ரே. அரை டப்பா காலி.

மாமா: எப்போ?

மாப்பிள்ளை: உங்களுக்கு ரிங் போயிட்டிருந்தப்ப.

மாமா: சரி. இரும்பு துருவானா ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும். மரைக்குள்ள அது உப்பிக்கிட்டு ஆப்பு அடிச்ச கணக்கா நிக்குது. அந்த இடுக்குல எண்ணெய் தானா ஊறிப் போகணும். முதல்ல கம்பி பிரஷ்ஷால வெளித்துருவைத் தேய்ங்க. போல்ட் நுனி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குதுல்ல, அங்க நாலு சொட்டு, தலைக்கு அடியில நாலு சொட்டு. சுத்தியால தலையில பத்துத் தட்டு. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி. ராத்திரி முழுக்க விட்டா இன்னும் நல்லது.

மாப்பிள்ளை: ராத்திரி முழுக்கவா? வீடியோவுல ஸ்ப்ரே அடிச்ச உடனே கழட்டினாரு மாமா. மொத்த வேலையும் பத்து நிமிஷம்.

மாமா: அடிச்சதுக்கும் கழட்டினதுக்கும் நடுவுல அவர் சட்டை மாறிச்சா?

மாப்பிள்ளை: ... நீலத்துல இருந்து கோடு போட்டதுக்கு.

மாமா: ம். போல்ட்டுக்கு எட்டுச் சொட்டுப் போதும். மீதி அரை டப்பா எங்க போச்சு?

மாப்பிள்ளை: அங்க இங்க பட்டிருக்கும். டிஸ்க் மேல, பேடு மேல...

மாமா: டிஸ்க்குன்னா பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சுடலாம். பேடு எண்ணெயைக் குடிச்சா அவ்வளவுதான், குப்பைக்கு. பழைய பேடுதானே?

மாப்பிள்ளை: பழசுதான். புதுசை அதுக்குப் பக்கத்துலயே பிரிச்சு வெச்சிருந்தேன்.

மாமா: (நீண்ட மூச்சு) ரொம்ப சந்தோஷம்.

மாப்பிள்ளை: எண்ணெய்தான் ஊறல, பலமாவது காட்டுவோம்னு ஸ்பேனர்ல ஒரு மீட்டர் பைப்பை மாட்டித் தொங்கினேன் மாமா. அப்பவும் இறுகித்தான் போகுது.

மாமா: இறுகுதா? எந்தப் பக்கம் திருப்புறீங்க?

மாப்பிள்ளை: இடது பக்கம். கழட்டுறதுன்னா இடதுதானே?

மாமா: நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?

மாப்பிள்ளை: வீல் இருந்த பக்கம். கையைப் பின்னால விட்டு...

மாமா: போல்ட் தலை இஞ்சின் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு. நீங்க அதோட முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. உங்க இடது அதுக்கு வலது. இவ்வளவு நேரம் நீங்க அதை முறுக்கிக்கிட்டே இருந்திருக்கீங்க.

மாப்பிள்ளை: பைப் போட்டா?

மாமா: பைப் போட்டு. தலைக்கு நேரா உங்க முகம் இருக்கிறதா நினைச்சுக்கிட்டு, கடிகார முள்ளுக்கு எதிரா திருப்பணும். அது கிடக்கட்டும், தொங்கினேன்னீங்களே, வண்டி எதுமேல நிக்குது?

மாப்பிள்ளை: ஜாக்கி மேல.

மாமா: ஜாக்கி மட்டுமா?

மாப்பிள்ளை: வீடியோவுலயும்...

மாமா: மாப்பிள்ளை, வெளிய வாங்க. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்டு குடுங்க. கழட்டின வீலையும் படுக்கப் போட்டு உள்ள தள்ளி வைங்க. ஒரு மீட்டர் பைப்ல ஆள் தொங்கினா போல்ட் அசையுதோ இல்லையோ, வண்டி அசையும். பேடை நாளைக்கு வாங்கிக்கலாம்.

(ஸ்டாண்டு தேடும் சத்தம். ஏதோ விழும் சத்தம். விழுந்தது வண்டி இல்லை.)

மாப்பிள்ளை: குடுத்தாச்சு மாமா. மேல உள்ள போல்ட்டை இப்ப சரியான பக்கம் திருப்புறேன். சுத்துது! நல்லாவே சுத்துது!

மாமா: சுத்துறது எது?

மாப்பிள்ளை: ... ஸ்பேனர் மட்டும்.

மாமா: ரிங்குக்குள்ள எத்தனை முனை இருக்கு?

மாப்பிள்ளை: எண்ணி... பன்னெண்டு.

மாமா: பன்னெண்டு முனை மூலையை மட்டும் பிடிக்கும், துருப்பிடிச்ச தலையில மூலைதான் முதல்ல போகும். ஆறு முனை சாக்கெட் தட்டைப் பக்கத்தைப் பிடிக்கும். அந்தத் தலை மழுங்கிடுச்சு. இனி 16 நம்பர் ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால அடிச்சு ஏத்தணும். இல்லன்னா உள்ள சுருள் வெட்டு இருக்கிற எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். கீழ உள்ளதுக்காவது 17 ஆறு முனை போடுங்க. முதல்ல ஒரு நூல் இறுக்குங்க, அப்புறம் கழட்டுங்க. கால் சுத்து வந்தா அரைக்கால் திரும்பப் போங்க, எண்ணெய் விடுங்க, மறுபடி வாங்க. 'கிறீச்'னு கத்தினா நல்ல சகுனம். சத்தமே இல்லாம ரப்பர் மாதிரி இழுபட்டா உடனே நிறுத்துங்க, உடையப் போகுதுன்னு அர்த்தம்.

மாப்பிள்ளை: சூடு காட்டினா மாமா? கேஸ் டார்ச் வெச்சிருக்கேன்.

மாமா: சூடு நல்ல மருந்துதான். போல்ட்டுக்குக் காட்டக்கூடாது, அது புகுந்திருக்கிற நக்கிள்ங்கிற பாகத்துக்குக் காட்டணும். ஓட்டை விரிஞ்சு பிடி விடும். ஆனா அங்க என்ன இருக்கு? ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், பால் ஜாயின்ட் ரப்பர், உங்க அரை டப்பா எண்ணெய். பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல டார்ச்சே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் சூடானா பாஸ்ஜீன் வாயு வரும், அது நுரையீரலுக்கு விஷம். டார்ச்சை உள்ள வைங்க.

மாப்பிள்ளை: வெச்சுட்டேன். கிறீச்... கிறீச்... மாமா, கீழ போல்ட் வருது! மரையில நீலமா ஏதோ ஒட்டியிருக்கு.

மாமா: அது த்ரெட் லாக்கர் பசை. கம்பனியிலயே போட்டிருப்பாங்க. திரும்பப் பூட்டுறப்ப பழசைத் தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசா ரெண்டு சொட்டு விடணும். அந்த மேல் போல்ட்டு மட்டும் இப்படிப் பிடிச்சதுக்குத் துரு மட்டும் காரணமில்ல. போன தடவை பூட்டினவன் மரையைத் துடைக்காம காத்து கன்னை வெச்சு 'டர்ர்ர்'னு ஒரு சத்தம், வேலை முடிஞ்சுது. பில்லுல மட்டும் 'பிரேக் முழு சர்வீஸ்'. எவ்வளவு இறுக்கணுமோ அளந்து இறுக்குற டார்க் ரெஞ்சை அந்தக் கடைச் சுவத்துல மாட்டியிருப்பாங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல. அதையும் கும்பிட மட்டும்தான்.

மாப்பிள்ளை: நான் டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கேன் மாமா.

மாமா: என் தங்கம். மேனுவல் பார்த்து வைங்க. பல சின்ன கார்ல பிராக்கெட் போல்ட் 100 நியூட்டன் மீட்டர் பக்கம், காலிப்பரோட 'பின்' போல்ட் 30 பக்கம். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் உப்பிக்கும். டிஸ்க், வீல் மாட்டுற ஹப்போட ஒட்டியிருந்தா ஓங்கி அடிக்காதீங்க. டிஸ்க்குலயே மரை போட்ட ரெண்டு ஓட்டை இருந்தா, அதுல எம் 8 போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்குங்க. தானா எழும்பி வரும்.

மாப்பிள்ளை: மாமா, ஒரு நல்ல சேதி சொல்ல மறந்துட்டேன். உங்களுக்கு போன் போடுறதுக்கு முன்னாடியே ஒரு போல்ட் ரொம்ப சுலபமா வந்துடுச்சு. காலிப்பர் மேல ரப்பர் தொப்பி போட்ட சின்னது.

மாமா: ... முழுசா வந்துச்சா?

மாப்பிள்ளை: வந்த வரைக்கும் கையில இருக்கு. நடுவுல ஓட்டை.

மாமா: அது ப்ளீடர், பிரேக் ஆயில்ல இருக்கிற காத்தை வெளிய எடுக்கிற திருகு. உள்ள குழல், அதான் சட்டுனு முறியும். பேடு மாத்த அதைத் தொடவே வேண்டாம். மீதி உள்ள இருக்கிறதால இப்போதைக்குக் கசியாது, ஆனா இனி அந்த வழியா காத்து எடுக்க முடியாது. நடுவுல துளை போட்டு எடுக்கணும், இல்லன்னா புது காலிப்பர். வண்டி அப்படியே நிக்கட்டும். போனை என் பொண்ணுகிட்ட குடுங்க.

மாப்பிள்ளை: அவளா? அவ கை காலியா இல்ல மாமா, முதல்ல இருந்து வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கா. வெட்டி ஒட்டினா பத்து நிமிஷம் வரும்னு சொல்றா.