மெதுவாக ஆடப் பழகுவதும் பயிற்சிதான்

கடந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் என் மேசையில் சதுரங்கம் ஆட உட்கார்ந்தேன். எதிரே ஆடியவர் டொரொன்டோவில் இருந்தார். அவருக்கு அங்கே வெள்ளி இரவு எட்டரை. லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் நடக்கும் 4545 லீக் ஆட்டம். ஆளுக்கு 45 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலும் 45 விநாடி. இரண்டரை மணி நேரம் சமமாகப் போராடிவிட்டு, என் கோட்டைக்கு (ரூக்) எதிராக அவரிடம் கோட்டையும் ஒரு சிப்பாயும் மிஞ்சிய நிலையில் தோற்றேன்.

அந்த நிலையைச் சமன் செய்யும் தற்காப்பைப் பிரெஞ்சு சதுரங்க மேதை பிலிடோர் 1777இலேயே விளக்கிவிட்டார். நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் கோட்டையை நிறுத்தி எதிரி அரசனை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகே கோட்டையை மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைக்க வேண்டும். எனக்கு இது தெரியும். ஆனாலும் ஒரு நகர்த்தல் முன்பே கோட்டையை எடுத்துவிட்டேன். அரசன் உள்ளே புகுந்துவிட்டது. அதன் பிறகும் தப்ப வழியிருந்தது. அது என் கண்ணில் படவில்லை. கடிகாரத்தில் எட்டு நிமிடம் மிச்சமிருந்தது. அந்த நகர்த்தலுக்கு நான் செலவழித்தது நான்கு விநாடி!

அந்த நான்கு விநாடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்து காலி வீதியில் பஸ்ஸில் வரும்போது தினமும் மூன்று நிமிட ஆட்டங்கள் பத்துப் பதினைந்து ஆடுகிறேன். அதைப் பயிற்சி என்று நம்பியிருந்தேன். கை பழகியதைத்தான் செய்யும். 60 நகர்த்தல் வரை போகும் லீக் ஆட்டத்தில் ஒருவருக்கு மொத்தம் 90 நிமிடம் கிடைக்கிறது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசிக்கும் பொறுமையை மூன்று நிமிட ஆட்டம் ஒருபோதும் தராது.

ஆகவே பயிற்சியை மாற்றிவிட்டேன். வேலை நாட்களில் ஒரு மணி நேரம்தான். ஆறே ஆறு புதிர்கள். காயைத் தொடாமல், எதிரியின் பதிலையும் சேர்த்து முழு விடையையும் கொப்பியில் எழுதிய பிறகே திரையில் நகர்த்துகிறேன். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள், எதிரியின் பதிலை நான் யோசிப்பதே இல்லை என்பது கொப்பியில் அப்பட்டமாகத் தெரிந்தது. வியாழனன்று மரப்பலகையில், ஆட்டத்தின் கடைசிக் கட்டமான கோட்டை முடிவாட்டம் மட்டும்.

ஆரம்ப நகர்த்தல்களுக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்குகிறேன். இதில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். ஆனால் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் என்ன நடந்தது? உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம் சமநிலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் கோட்டையை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். கோட்டைகளும் மந்திரிகளும் (பிஷப்) வெட்டுப்பட்டால், சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் ஆட்டம் தனக்கு வெற்றி என்பதை எதிரே ஆடிய இந்தியாவின் குகேஷ் கண்டுகொண்டார். 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்த உயரத்திலேயே பட்டத்தை முடிவாட்டம் தீர்மானிக்கிறதென்றால் நம் மட்டத்தில் சொல்லவே வேண்டாம்.

அக்காவின் மகனும் இதே லீக்கில் ஆடுகிறான். தோற்ற ஆட்டத்தை உடனே ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கக் கணினி எஞ்சினில் போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். "மாமா, எங்கே பிழை என்று அது ஒரு நொடியில் சொல்லிவிடுகிறதே, பிறகு நாம் ஏன் மினக்கெட வேண்டும்?" என்று கேட்டான். பிழை எங்கே என்று அது சொல்லும். அந்த நேரத்தில் நீ என்ன நினைத்தாய் என்று அதற்குத் தெரியாதே, தம்பி. இப்போது ஞாயிறு காலையில் இருவரும் எஞ்சினைத் திறக்காமல் ஆட்டத்தை மரப்பலகையில் திரும்ப ஆடுகிறோம். ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன நினைத்தோம் என்று எழுதுகிறோம். எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருக்கும் யாருக்காவது வார நாளில் ஒரு பின்னேரம் ஒதுக்க முடிந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். பலகையும் கடிகாரமும் என்னிடம் இருக்கின்றன. 45 நிமிடம், 45 விநாடி; ஒரே ஒரு ஆட்டம்.