ஆர்கேடில் ஆடாதவள் பேசக் கூடாதா?

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்த பழைய வீடியோ கேம் சந்திப்பில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். ஆட்டங்களை ஒப்பிட்டுக் காட்டிய தம்பியின் பெயரை நான் எழுதப் போவதில்லை, நீங்களும் கமெண்டில் எழுத வேண்டாம். அவர் நல்ல பிள்ளை, நிகழ்ச்சிக்காக நிறைய உழைத்திருக்கிறார். என் கோபம் அவர் சொன்னதன் மேல்தான்.

இடது பக்கத் திரையில் ஆர்கேட், அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினில் ஓடிய அசல் ஆட்டம். வலது பக்கத் திரையில் அதே ஆட்டத்தை வீட்டு மெஷினுக்காக மாற்றி எழுதிய போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சிரிப்பு. பேய் மினுக்கினால் சிரிப்பு, குரல் கரகரத்தால் சிரிப்பு, ஒரு கட்டம் குறைந்தால் சிரிப்பு. இப்படி ஒப்பிடுவது நியாயமில்லை என்று நான் எழுந்து சொன்னேன். உடனே மைக்கில் வந்தது கேள்வி: "அக்கா, நீங்க ஆர்கேட்ல ஆடியிருக்கீங்களா?" இல்லை என்றேன். "அப்புறம் எப்படிக்கா?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மைக் என் பக்கம் திரும்ப வரவேயில்லை.

அப்புறம் எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அழகு என்று கேட்பது ஒப்பீடே ஆகாது. அந்த மெஷினில் என்ன இருந்தது, எழுதியவருக்கு எவ்வளவு இடமும் நாளும் கொடுத்தார்கள், அதற்குள் அவர் எதைக் காப்பாற்றினார், எதை விட்டார். இதைக் கேட்காமல் "குப்பை" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சோம்பேறித்தனம்.

அதிகம் சிரித்தது அட்டாரி 2600 என்ற வீட்டு மெஷினுக்கு வந்த பேக்-மேனுக்கு. பேய்கள் துரத்த, புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் ஆட்டம் அது. 1982இல் வந்தது, எழுதியவர் டாட் ஃபிரை. அந்த மெஷின் வெளிவந்தது 1977இல். டாங்க் சண்டை, பந்தடி மாதிரி இரண்டு பேர் ஆடும் ஆட்டங்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஆட்டக்காரர் உருவம் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று. நகரும் பொருளாக அதற்கு வரையத் தெரிந்தது இவ்வளவுதான். நினைவகம் 128 பைட். கிலோபைட் என்று நினைத்துவிடாதீர்கள், பைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தி அதற்குள் அடங்காது. ஆட்டம் அடங்கிய கார்ட்ரிட்ஜ் 4 கிலோபைட். இதற்குள் பேக்-மேனும் வேண்டும், நான்கு பேயும் வேண்டும். மனிதர் என்ன செய்வார்? பிரேமுக்கு, அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், ஒரு பேய் என்று மாற்றி மாற்றி வரைந்தார். மினுக்கல் அதனால் வந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, இதை அன்றைக்கே சொல்ல நினைத்தேன். தம்பி காட்டிய பதிவு நொடிக்கு 30 பிரேம். மெஷின் ஓடுவது 60இல். நான்கு பேயை நான்கு பிரேமில் வரையும்போது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடிக்கும் பதிவில் இரண்டு பேய்தான் சிக்கும். "ரெண்டு பேய் எங்கே?" என்று அரங்கமே சிரித்ததே, அந்த இரண்டையும் விழுங்கியது பதிவு செய்த விதம். பழிமட்டும் ஃபிரைக்கு.

"அதே மெஷினில் மிஸ் பேக்-மேன் நன்றாக வந்ததே" என்று ஒருவர் கேட்டார். வந்தது. 1983இல், 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜில். இடம் இரண்டு மடங்கு. நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்றால், அதுவும் உண்மைதான். விற்றவர்களைக் கேளுங்கள்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்றத்தில் வைத்திருந்தது புத்தம் புதிய பெரிய டிவி. ஒவ்வொரு புள்ளியும் ஊசி முனையில் வரைந்த மாதிரி தெரிந்தது. அந்தக் காலத்துப் படங்களை யாரும் அப்படிப் பார்க்க வரையவில்லை. சேகாவின் வீட்டு மெஷினான மெகா டிரைவில் ஒரே நேரத்தில் காட்ட முடிந்த நிறங்கள் குறைவு. அதனால் இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். பழைய குழாய் டிவியில், மஞ்சள் ஒயர் வழியாக வந்தால் அவை கலந்து மூன்றாவது நிறமாகத் தெரியும். நிழலும் தண்ணீரும் அப்படித்தான் வரைந்தார்கள். அதைப் புது டிவியில் போட்டு "பாருங்க, சொரசொரன்னு இருக்கு" என்றால், சொரசொரப்பு யாருடைய வேலை?

எடுத்துவிட்டதைப் பற்றிப் பேசுவோம், அதற்கும் சிரித்தீர்கள். டாங்கி காங் ஆர்கேடில் நான்கு கட்டம். 1983இல் நிண்டெண்டோவின் வீட்டு மெஷினான ஃபேமிகாமுக்கு வந்தபோது நகரும் பட்டைகள் ஓடும் 50 மீட்டர் கட்டம் இல்லை. ஆர்கேட் திரை நின்ற வாக்கில் உயரமானது, வீட்டு டிவி படுத்த வாக்கில். அந்த உயரத்தை நசுக்கி உள்ளே கொண்டுவந்தும் அவர்கள் கை வைக்காத ஒன்று இருக்கிறது: உருளும் பீப்பாய் மேல் சரியான நொடியில் தாவுவது. ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை யாருமே ஆடவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

காண்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தைத் தம்பி எடுக்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். 1987 ஆர்கேட் காண்ட்ராவைவிட 1988இல் ஃபேமிகாமுக்கு வந்த காண்ட்ரா நல்ல ஆட்டம். அகலத்துக்கு ஏற்ற மாதிரி கட்டங்களை மாற்றிக் கட்டினார்கள், ஓட்டம் சீராக இருந்தது. இங்கே எத்தனை வீட்டில் பல ஆட்டம் அடங்கிய அந்த கார்ட்ரிட்ஜ் இருந்தது! அதை ஆடி வளர்ந்தவர்களில் ஆர்கேட் காண்ட்ராவைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? சோல் காலிபர் என்ற சண்டை ஆட்டமும் அப்படித்தான். 1998இல் ஆர்கேட், 1999இல் டிரீம்காஸ்ட் என்ற வீட்டு மெஷின், வீட்டுக்கு வந்ததுதான் மேல். இதெல்லாம் ஒப்பீட்டில் வராது. வந்தால் சிரிக்க முடியாது.

சரி, இரண்டு பேர் மோதும் சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. எனக்கு வலித்தது இங்கேதான்.

ஆர்கேடுக்கு 1991இல் வந்தது. ஆறு பட்டன், மூன்று குத்து, மூன்று உதை. 1993இல் மெகா டிரைவுக்கு 24 மெகாபிட் கார்ட்ரிட்ஜில் ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன் வந்தது. அப்போது நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருந்தோம். அப்பா ஷிப்யார்டில் வேலை. போனஸ் வந்த மாதத்தில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கூட்டிப்போய் அந்த கார்ட்ரிட்ஜை அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். கையில் பிடித்து ஆடும் பேடில் ஆறு பட்டன் உள்ளதைத் தனியாக விற்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களிடம் இருந்தது மூன்று பட்டன் பேட். அதில் மூன்று பட்டனும் குத்துதான். உதைக்க வேண்டுமென்றால் ஸ்டார்ட்டை அழுத்தி மாற்ற வேண்டும். மறுபடி குத்த மறுபடி ஸ்டார்ட். சண்டை நடுவில் வலது கட்டைவிரல் மேலே போய் ஸ்டார்ட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும், அதற்குள் எதிராளி மேலே விழுந்திருப்பான். இதைத் திரையில் காட்டித்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதில் சுன்-லீயை ஆடினேன். அவள் பலமே காலில்தான், அதனால் உதையிலேயே இருந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் ஒரு தட்டு தட்டிக் குத்துக்குப் போய்த் திரும்புவேன். கீழே அழுத்திப் பிடித்து, சட்டென்று மேலே, உதை. இடது கட்டைவிரலில் தோல் உரிந்து, பிளாஸ்டர் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறேன். குரல் கரகரத்ததா? கரகரத்தது. தொண்டை கட்டியவர் ஒலிபெருக்கியில் கத்துவது போலத்தான் இருக்கும். எங்கள் டிவி 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 முறை படம் மாறும். 60க்கு எழுதிய ஆட்டத்தைத் திருத்தாமல் அதில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதென்று நினைத்தா பாடம் எடுத்தீர்கள்?

ஆர்கேடுக்கு ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆடவில்லை என்றதும் சிரிப்பதற்கு அதுவே போதுமாக இருந்தது. சொல்கிறேன். அண்ணன் போவான். பள்ளிச் சீருடையில் உள்ளே விட மாட்டார்கள் என்று பையில் ஒரு டீ-ஷர்ட் எடுத்துப் போவான். நான் கேட்டபோது அம்மா சொன்னது ஒரே வரி: "அங்கெல்லாம் பொம்பளப் பிள்ளைங்க போறதில்ல." அதோடு முடிந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தவரைக்கும் எனக்கும் பையன்களின் முதுகுதான் தெரிந்தது. அண்ணன் அங்கே பார்த்த மூவ் எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டு வருவான். அவன் தூங்கிய பிறகு நான் அதைப் பார்த்துப் பழகுவேன். நான் ஜெயிக்க ஆரம்பித்ததும் அவன் சொல்ல ஆரம்பித்தான்: "அங்க இப்படி இல்ல, நிஜத்துல வேற மாதிரி இருக்கும்." முப்பது வருஷம் கழித்து அதே மாதிரிப் பேச்சை மைக்கில் கேட்டேன். இப்போது என்னை அக்கா என்று கூப்பிட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அக்கா, இது வெறும் பழைய ஞாபகம், அதுக்காகக் கெட்ட போர்ட்டை நல்லதுன்னு சொல்லக் கூடாது" என்பீர்கள். உள்பெட்டியில் இரண்டு பேர் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. எல்லா போர்ட்டும் நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? ஃபைனல் ஃபைட், ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தபோது 'கை' (Guy) என்ற ஆட்டக்காரனையே காணோம், தொழிற்சாலைக் கட்டம் காணோம், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. தோளோடு தோள் நின்று தெருச்சண்டை போடும் ஆட்டத்தில் துணையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அதை நானே திட்டுவேன். ஆனால் நான் திட்டுவது ஆட்டத்தின் உயிரை எடுத்ததற்காக. நீங்கள் சிரிப்பது நிறம் குறைந்ததற்காக. இரண்டும் ஒன்றா? ஞாபகம் என்று சொல்கிறீர்களே, ஆர்கேடில் ஆடியவர்கள் பேசுவது மட்டும் என்ன? அவர்கள் சொன்னால் அனுபவம், நான் சொன்னால் ஏக்கமா?

போர்ட் எழுதியவர்கள் பலருக்கு ஆர்கேட் ஆட்டத்தின் மூல நிரல்கூடக் கொடுக்கவில்லை. மெஷினில் ஆடிப் பார்த்து, குறித்துக்கொண்டு, முதலிலிருந்து எழுதினார்கள். கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு ஆர்-டைப் என்ற விண்கலச் சண்டை ஆட்டத்தை மன்ஃப்ரெட் டிரென்ஸ் ஆறேழு வாரத்தில் முடித்தார். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு வீட்டுக் கணினியில் எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் வைக்க முடியாது. அதிலும் ஆர்-டைப்பைக் கொண்டுவந்தார்கள். வலது பக்கத் திரையில் அதற்கு ஐந்து நொடி கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனீர்கள்.

ஆர்கேடில் இருந்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர வழியே இல்லாமல் இல்லை. 1990இல் நியோ ஜியோ என்ற வீட்டு மெஷின் வந்தது, ஆர்கேடில் ஓடிய அதே ஆட்டம், அதே வன்பொருள். அமெரிக்காவில் அதன் விலை 649 டாலர். எங்கள் புளோக்கில் அது யார் வீட்டிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அசல்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு இரண்டே வழி: ஒன்று அந்த விலை, இல்லையென்றால் டோக்கனும் உள்ளே போகும் சுதந்திரமும். இரண்டும் இல்லாத வீடுகளுக்குத்தான் போர்ட் வந்தது. அந்த வீடுகளில் அதுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர். வேறொன்று இருந்து அதை விட்டுவிட்டு இதை ஆடவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். "நானும் வீட்ல மட்டும்தான் ஆடியிருக்கேன், அதான் உள்ள ஒண்ணும் பேசல" என்றார். அவருக்கு சூப்பர் ஃபேமிகாம், எனக்கு மெகா டிரைவ். பஸ் ஸ்டாப் வரைக்கும் எது மேல் என்று சண்டை போட்டுக்கொண்டே போனோம். அவர் பக்கம் தோளில் இரண்டு பட்டனோடு சேர்த்து ஆறும் முதலிலேயே பேடில் இருந்தது, அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த மாதச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்பவர்களுக்கு: பெரிய டிவி ஒன்றைக் குறைத்துவிட்டு ஒரு பழைய குழாய் டிவி கொண்டுவாருங்கள், மெஷினை வையுங்கள், பேடை ஆட்களின் கையில் கொடுங்கள். மெகா டிரைவும் கார்ட்ரிட்ஜும் நான் எடுத்து வருகிறேன். கமெண்டில் வாதாட வருபவர்கள் எந்த ஆட்டம், எந்த மெஷின், எந்த வருடம் என்று எழுதுங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். "ஆர்கேட்ல ஆடியிருக்கீங்களா" என்று மட்டும் கேட்டு வரும் கமெண்டை அழித்துவிடுவேன்.