கேட்காமல் அறுக்க யார் சொன்னார்கள்?

அடுத்தவர் காரின் டேஷ்போர்டில் ரம்பம் வைக்க ஓர் அக்சசரி கடைக்காரருக்கு எங்கிருந்து இவ்வளவு துணிச்சல் வருகிறது? 1963-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் அது. அந்தக் காலத்து ரேடியோவை அதன் தாங்கியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில் திருகி மாட்டினால் வேலை முடிந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பெயர் வாங்கிய கடைதான். மாலையில் போய்ப் பார்த்தால், அறுபது ஆண்டுகளாக ஒரு கீறல் இல்லாமல் இருந்த இரும்பில் 182-க்கு 53 மில்லிமீட்டர் ஓட்டை! இக்காலத்து ரேடியோவுக்கான அளவு. “பழைய பெட்டியில் மின்னல் எஃப்எம் வராதே அண்ணே, அதனால்தான் புதியதற்கு இடம் செய்தோம்” என்கிறார்கள்.

மின்னல் எஃப்எம் பண்பலையில் வரும் தமிழ் வானொலி; பழைய பெட்டியில் அது வராது என்று எனக்குத் தெரியாதா? மத்திய அலையும் நீண்ட அலையும் மட்டும் பிடிக்கும் பெட்டி அது. பண்பலை வேண்டுமென்றால் முகப்பையும் குமிழ்களையும் தொடாமல் உள்ளே ஒரு சிறிய சர்க்யூட்டை வைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதோடு விட்டார்களா? இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். புதிய ரேடியோவின் உலோக உறையோ நெகட்டிவ். அப்படியே மாட்டினால் ஷார்ட் ஆகும். அதனால் பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவுக்குப் புதிய துருவத்தைப் பழக்க வேண்டும், இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே இல்லை. 22 ஆம்பியர் டைனமோ அது. அதையும் வீணடித்தால் யார் பொறுப்பு?

எல்லாவற்றையும் விட ஹீட்டர்தான் வயிற்றெரிச்சல். தேடித்தேடி வாங்கி, அதற்குள் சுடுநீர் ஓடும் காயிலைக் கழுவி, புதிய ஹோஸ் போட்டு வைத்திருந்தேன். “இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு?” என்று கழற்றி, சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டார்கள். ஏர்கான் இல்லாத காரில் மழை நேரத்தில் நான்கு பேர் உட்கார்ந்து பாருங்கள். மூச்சுக்காற்று பட்டு முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். மெக்காலிஸ்டர் சாலையில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்கூடத் தெரியாது. அந்தக் கண்ணாடியைக் காயவைப்பது ஹீட்டரின் சூடான காற்று. நெரிசலில் இஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் ஹீட்டரைத் திறந்துவிட்டுச் சூட்டை இறக்குவதும் பழைய ஓட்டுநர்கள் அறிந்த வழி. உட்கார்ந்திருப்பவருக்கு வேர்க்கும், உண்மைதான். ஆனால் சூட்டில் கருகிப்போகும் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, பிழைக்கும்.

இவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்பதல்ல என் கோபம். தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். வண்டிக்குச் சொந்தக்காரன் எதற்காக ஒன்றைக் கேட்கிறான் என்று விசாரிக்காமலே, அவனுக்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பல மைனர்களில் ஹீட்டர் தனிக்காசு கொடுத்து வாங்க வேண்டிய உபரிப் பொருளாக இருந்தது. இந்தப் பக்கம் வந்த வண்டிகளில் அதைப் பார்ப்பதே அரிது. கழற்றியதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாம்.

இத்தனைக்கும் கூலியாக ஒரு வெள்ளிகூடக் குறைக்க மாட்டார்களாம். குறைக்கச் சொல்லி நான் கேட்கவும் போவதில்லை. அந்த இரும்புக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் இன்றைக்குள் சொல்லட்டும்.