ஏழைதான் என்று காட்டவும் ஒரு பேப்பர் வேண்டுமாம்

"பாலர் பள்ளிய கவர்மெண்டு இலவசமாத்தானே நடத்துது, தோட்டத்துக்காரங்களுக்குப் பிள்ளைய அனுப்ப என்ன வலிக்குது?" இப்படிக் கேட்கிற பட்டணத்துப் பெரிய மனுசர்கள் அந்த விண்ணப்பத்தை ஒரு தடவை நிரப்பிப் பார்க்கட்டும்.

மலேசியக் கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் வகுப்புக்கு 25 பிள்ளைதான். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு முன்னுரிமை. நல்லது, ஆனால் சம்பளச் சீட்டைக் காட்டு என்கிறார்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை வெட்டிவிட்டு குத்தகைக்காரனிடம் கையில் காசு வாங்குகிறவனுக்கு எவன் சீட்டு எழுதிக் கொடுப்பான்? அப்படியென்றால் வருமான உறுதிக் கடிதமாம். தோட்டத்து ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) கையெழுத்துப் போதுமா, மானேஜர் போடணுமா, கம்பத்து (கிராமத்து) தலைவர் போடணுமா? இதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துபோகும்? கடிதத்தை நீட்டின பிறகுதான் "இது செல்லாது" என்கிறார்கள். ஒரு நாள் கூலி போச்சு.

பிறப்புப் பத்திரம் அதைவிடக் கொடுமை. குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதியவில்லை என்றால் தாமதப் பதிவு, ஆயிரம் கேள்வி. 1982 மார்ச் 1-லிருந்து இந்துக் கல்யாணத்தையும் பதிவிலாகாவில் பதிந்தாக வேண்டும். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டுக்காரி, கல்யாணமும் பதியவில்லை என்றால், அப்பன் குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளையின் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று விழும். இரண்டு வார்த்தைதான். அதை மாற்ற அரசமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வருசக்கணக்காகக் காத்துக் கிடக்கணும். பிள்ளைக்கு ஐந்து வயது அதுவரை காத்திருக்குமா?

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பாலர் வகுப்பு நாலு மணி நேரம். பால்மரம் (ரப்பர்) சீவுகிற அம்மா விடியுமுன்னே காட்டுக்குள் போய்விடுவாள். காலையில் யார் கொண்டுபோய் விடுவது, மதியம் யார் கூட்டி வருவது? பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதே போயிற்று. அப்புறம் வேன்தான். இலவசம் என்ற சொல் அந்த மாத வேன் காசிலேயே செத்துப்போகிறது.

பக்கத்திலேயே கெமாஸ் தாபிகா, அதாவது அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டு இலாகா நடத்துகிற பாலர் வகுப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே மலாயில்தான் பாடம். 'அ' எழுதிப் பழகணும் என்றால் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புத்தான், அது எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை.

இன்னொன்று. பாலர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டதால் முதலாம் ஆண்டுக்குத் தானாக ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்குக் கல்வி அமைச்சின் ஐடிமீ (idMe) இணையத்தளத்தில் தனிப்பதிவு, அதற்கொரு ஈமெயில். அந்த ஈமெயிலைத் திறந்து கொடுத்தவன் பட்டணத்து ஜெராக்ஸ் கடைக்காரன். பாஸ்வேர்டும் அவனிடம்தான் இருக்கிறது.